ரொட்டியை விதித்தவர் யார்?

"தோட்டத்து மக்களுக்கு உணவறிவு போதாது; காலையிலும் ரொட்டி, மாலையிலும் ரொட்டி; கீரையையும் முட்டையையும் நாடுவதில்லை" என்று பதுளையில் மேடை ஏறி உபதேசிப்போர் உளர். இக்குற்றச்சாட்டை நாம் மறுக்கிறோம்.

நோய் இல்லை என்று நாம் வாதாடவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற வளர்த்தியின்றிக் குன்றியோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் நூற்றுக்கு 32 பேர். இதற்குப் பொறுப்பாளி யார் என்பதே வழக்கு.

சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்த நம் முன்னோர் கேழ்வரகும் கம்பும் உண்டு வளர்ந்தவர்கள். தோட்டம் அவர்களுக்கு அரிசியை அளந்து, விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சக் கூலிக்கு வழி செய்தபோதும், அரிசிக் கணக்குக் கூலிக் கணக்கோடு பிணைந்தே நின்றது. தொழிலாளி எதை உண்பான் என்பதைத் துரையின் பண்டசாலை தீர்மானித்தது!

1942இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது, பங்கீடு வந்தது, அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. ஊவா மலையில் விளையாத தானியம் கப்பலேறி வந்து லயத்து அடுப்பில் குடியேறிற்று. 1973-74இல் அந்தப் பங்கீடும் சுருங்கியபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. கிராமத்தானுக்கு வயலும் சேனையும் இருந்தன; தோட்டத்தானுக்குக் கைப்பிடி மண்ணும் சொந்தமில்லை. பின்னர், 1980இல் திருகோணமலையில் மா ஆலை இயங்கத் தொடங்கியது. கடைதோறும் மா தாராளமாயிற்று.

மாவுக்கு இன்னொரு துணையும் உண்டு, அது நேரமின்மை. விடியுமுன் எழுந்து, பிள்ளைகளை ஒழுங்கு செய்து, பெரட்டுக்கு ஓடும் பெண்ணுக்குச் சோறும் இரு கறியும் ஆக்க நேரம் ஏது? ரொட்டியைத் துணியில் சுற்றி மலைக்குக் கொண்டுபோகலாம்; சம்பல் இருந்தால் போதும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். இந்நிலையில் அவள் ரொட்டி சுடுவது அறியாமையா? அன்று; அது காசையும் நேரத்தையும் எண்ணித் துணிந்த முடிவு.

வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளையும் மரக்கறி தோட்டத்து வாசலைக் கடந்து லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகிறது. அதன் அருமை நம் பெண்களுக்குத் தெரியும், விலையும் தெரியும்.

2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாயிற்று. மறு ஆண்டே மாவின் விலை பன்மடங்கு ஏறிற்று. "மாவைக் குறையுங்கள்" என்றவர்கள், மாவும் கிட்டாத அந்நாட்களில் எந்த உணவைக் காட்டினார்கள்? 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாக உயர்ந்ததும் விலைவாசியின் பின்னால் ஓடிய கதையே.

உணவறிவு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அறிவுரை மட்டும் சட்டியில் வேகாது என்கிறோம். ஆகவே நாம் கேட்பவை மூன்று. ஒரு குடும்பம் நலமுடன் உண்ண ஆகும் செலவை அளவுகோலாக வைத்துச் சம்பளத்தை விதியுங்கள். வீட்டுக்கென வகுத்த ஏழு பேர்ச்சில் தோட்டம் போட இடமில்லை. தரிசாய்க் கிடக்கும் தோட்ட நிலத்தில் மரக்கறிக்கும் மாட்டுக்கும் உறுதியுடன் நிலம் தாருங்கள். பிள்ளை மடுவங்களில் குரக்கனும் பயறும் முட்டையும் கொண்ட மதிய உணவை, கம்பனிகளும் அரசும் செலவேற்று நாள்தோறும் வழங்குங்கள்.

1948இல் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டபோது நம்மைக் கேட்பார் இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எஞ்சியோர்க்கும் அவ்வுரிமை கிட்டிற்று. இன்று வாக்குக் கேட்டு எல்லோரும் லயத்துப் படியேறுகிறார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுப்போம். கொடுத்துவிட்டு, இம்மூன்றில் எதை, எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்று கேட்போம். பதில் சொல்லாதவருக்கு வாக்கில்லை!