மாயக்கதைகள் சுமக்கும் பழி

2015ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று ‘பாகுபலி’யின் முதல் பாகம் வெளியானது. மூன்று மாதம் முடிவதற்குள், அக்டோபர் 1 அன்று, விஜய் நடித்த ‘புலி’ வந்தது. எந்த வரைபடத்திலும் இல்லாத ராஜ்ஜியம், கோட்டை, ராணி, வாள், கிராஃபிக்ஸ் என்று இரண்டுக்கும் பொதுவானவை நிறைய. முதல் படத்தைத் தமிழ்நாட்டு ரசிகர்கள் கொண்டாடினார்கள்; இரண்டாவதைக் கைவிட்டார்கள். மாயக்கதை என்பதற்காக ஒரு படத்தை இங்கே யாரும் ஒதுக்குவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆனாலும், ‘தமிழில் ஃபேன்டசி எடுபடாது’ என்ற பேச்சு ‘புலி’க்குப் பிறகு கோடம்பாக்கத்தில் வலுத்தது. 2024 நவம்பரில் ‘கங்குவா’ சறுக்கியபோது அதே பேச்சு மறுபடியும் எழுந்தது.

ஒரு போலீஸ் கதை தோற்றால் இப்படி யாரும் பேசுவதில்லை. திரைக்கதை சொதப்பிவிட்டது என்பார்கள். கதாநாயகனுக்கு வேடம் பொருந்தவில்லை என்பார்கள். அடுத்த மாதமே காக்கிச் சட்டையில் இன்னொரு நட்சத்திரம் வந்து நிற்பார். கேங்ஸ்டர் கதைக்கும் பேய்க் கதைக்கும் கிராமத்துக் குடும்பக் கதைக்கும் இந்தச் சலுகை உண்டு. மாயக்கதைக்கு மட்டும்தான் ஒரு படத்தின் குற்றத்துக்கு மொத்த வகையும் தண்டனை அனுபவிக்க வேண்டியிருக்கிறது. இது அநியாயம். அப்படியானால், மோசமான மாயக்கதைப் படங்களால் உண்மையில் கெடுவது என்ன?

பெயர் கெடுகிறது என்பதை மறுக்க முடியாது. தமிழில் இந்த வகைக்கு மதிப்பான தொடக்கம் இருந்தது. 1951இல் ‘பாதாள பைரவி’ வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) ஒரு மாயக்குகைக் கதைதான். 1957இல் வந்த ‘மாயா பஜார்’ படத்தில் கல்யாண விருந்தை ஒற்றை ஆளாகத் தின்று தீர்க்கும் எஸ்.வி.ரங்காராவின் கடோத்கஜனை இன்றைய குழந்தைகளும் ரசிக்கிறார்கள். கணினியே இல்லாத காலத்தில் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி கேமராவைக் கொண்டே அந்த மாயங்களை நிகழ்த்தினார்.

பிறகு இயக்குநர் விட்டலாச்சார்யாவின் காலம் வந்தது. குறைந்த செலவு, விரைவான படப்பிடிப்பு, எலும்புக்கூடுகள், அடுப்பில் விறகுக்குப் பதில் தன் காலையே நீட்டும் பேய். 1978இல் தெலுங்கில் வந்த ‘ஜெகன்மோகினி’ தமிழிலும் சக்கைப்போடு போட்டது. ஆனால் படித்தவர்கள் மத்தியில் ‘விட்டலாச்சார்யா படம் மாதிரி இருக்கிறது’ என்பது ஒரு படத்தை மட்டம்தட்டும் சொல்லாகிப்போனது. மாயக்கதை என்றால் சிறுவர்களுக்கும் விவரம் தெரியாதவர்களுக்கும் உரியது என்ற எண்ணம் அப்போது ஆழமாக வேர்விட்டது. இன்றுவரை அது முழுதாகப் போகவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெயர் கெட்ட அந்தக் காலத்தில் வகை சாகவில்லை. விட்டலாச்சார்யாவின் படங்கள் டூரிங் டாக்கீஸ்வரை போய்ப் பணம் ஈட்டின. போட்ட பணம் சிறியது என்பதால் ஒன்று விழுந்தாலும் அடுத்ததை எடுக்க முடிந்தது. அந்தத் தொடர்ச்சியில்தான் கோடி ராமகிருஷ்ணா போன்றவர்கள் வந்தார்கள். அவர் இயக்கிய ‘அம்மோரு’ (1995) ‘அம்மன்’ என்ற பெயரில் தமிழில் ஓடியது. 2009இல் ‘அருந்ததி’யும் ஓடியது. பெயர் கெடுவது வேறு, எதிர்காலம் கெடுவது வேறு. மலிவான மோசமான படங்கள் பெயரைக் கெடுக்கின்றன. எதிர்காலத்தைக் கெடுப்பவை விலையுயர்ந்த மோசமான படங்கள்.

ஹாலிவுட்டிலும் இதுவே நடந்தது. 1982இல் ‘கோனன் த பார்பேரியன்’ வெற்றி பெற்றதும் அதை நகலெடுத்து வாளும் சூனியமுமாக மலிவான படங்கள் குவிந்தன. அமெரிக்க விமர்சகர்கள் அந்த வகையையே ஏளனமாகப் பார்த்தார்கள். 2000 டிசம்பரில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வந்து பரிதாபமாகத் தோற்றது. அதை அமெரிக்காவில் வெளியிட்டது நியூ லைன் நிறுவனம். ஓராண்டு கழித்து அதே நியூ லைன் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் பாகத்தை வெளியிட்டது. முந்தைய ஆண்டின் தோல்வியை யாரும் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் பாகம் சிறந்த படம் உட்படப் போட்டியிட்ட 11 ஆஸ்கர்களையும் வென்றது. இருபது ஆண்டுக் கெட்ட பெயரைத் துடைக்க ஒரு நல்ல படைப்பு போதுமானதாக இருந்தது.

உண்மையான சேதம் 2007இல் நேர்ந்தது. பிலிப் புல்மனின் நாவலை ஒட்டி, ஏறத்தாழ 18 கோடி டாலர் செலவில், நியூ லைன் ‘த கோல்டன் காம்பஸ்’ படத்தை எடுத்தது. நாவலின் உயிரான மத விமர்சனத்தை நீர்த்துப்போகச் செய்தார்கள். அதன் இறுதி அத்தியாயங்களை அடுத்த பாகத்துக்கென்று வெட்டி வைத்தார்கள். அமெரிக்காவில் படம் 7 கோடி டாலர்தான் ஈட்டியது. வெளிநாடுகளில் நன்றாக ஓடியும் அந்த உரிமைகளை முன்கூட்டியே விற்றுவிட்டதால் பெரும் பங்கு நிறுவனத்துக்கு வரவில்லை. சில மாதங்களில் நியூ லைன் தன் தனித்த இருப்பை இழந்து வார்னர் பிரதர்ஸுக்குள் கரைந்தது. அடுத்த பாகம் வரவே இல்லை. அந்தக் கதை மறுபடி உயிர்பெற 2019இல் தொலைக்காட்சித் தொடராக வரும்வரை வாசகர்கள் காத்திருக்க நேர்ந்தது. ‘எராகான்’ நாவல் வரிசைக்கும் இதே கதி. 2006இல் வந்த முதல் படத்தோடு அதன் திரைப்பயணம் நின்றது. மாயக்கதை என்ற வகை பிழைத்துக்கொண்டது. அந்தந்தக் கதைகள்தான் பல ஆண்டுகளுக்குப் பூட்டப்பட்டன.

தமிழில் பூட்டப்படுவது படைப்பாளிகள். செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010 பொங்கலுக்கு வந்தபோது கருத்துகள் இரண்டாகப் பிளந்தன. 2013இல் அவருடைய ‘இரண்டாம் உலகம்’ தோற்றது. அதன்பின் அவர் இயக்கிய அடுத்த படம் 2019இல்தான் திரைக்கு வந்தது. அதுவும் அரசியல் கதை. 2020 டிசம்பர் 31 அன்று ‘ஆயிரத்தில் ஒருவன்’ மறுபடி வெளியானபோது, முதல் வெளியீட்டில் கிடைக்காத கொண்டாட்டம் கிடைத்தது. மறுநாள் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டது. 2024இல் வரும் என்று சொல்லப்பட்ட அந்தப் படம் வரவில்லை. சோழ வாரிசுகளின் மறைந்த நகரத்தைக் கற்பனை செய்யத் துணிந்த ஒருவருடைய நல்ல ஆண்டுகள் வேறு கதைகளில் கழிந்தன. இந்த இழப்பை எந்த வசூல் கணக்கும் காட்டாது.

இந்தப் படங்களின் விலை ஏன் இவ்வளவு ஏறுகிறது? இங்கே மாயக்கதை என்றாலே பெரிய நட்சத்திரம் வேண்டும் என்று முடிவாகிறது. நட்சத்திரம் வந்ததும் அவருக்கான அறிமுகப் பாடலும் சண்டையும் வசனமும் கதைக்குள் நுழைகின்றன. ‘புலி’யில் வேதாளக் கோட்டை இருந்தது, பேசும் பறவை இருந்தது, குள்ள மனிதர்கள் இருந்தார்கள், ராணியாக ஸ்ரீதேவியே இருந்தார். இயக்குநர் சிம்புதேவனுக்கும் இந்த வகை புதிதல்ல. ‘அறை எண் 305-ல் கடவுள்’ படத்தில் எளிய மேன்ஷன் அறைக்குக் கடவுளை அழைத்து வந்தவர் அவர். அந்தக் கற்பனைகளுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கவில்லை என்பதுதான் ‘புலி’யின் சோகம்.

‘நான் ஈ’ (2012) இதற்கு நேர்மாறான பாதையில் போனது. கொல்லப்பட்ட காதலன் ஈயாகப் பிறந்து பழிவாங்குகிறான். நம்பவே முடியாத அந்த ஒற்றை நிபந்தனையை ரசிகர்கள் ஏற்றுக்கொண்ட பிறகு, படம் அதை ஒருபோதும் மீறுவதில்லை. ஈயால் பேச முடியாது, ஓங்கி அடிக்க முடியாது. தூக்கத்தைக் கெடுக்கலாம், கார் ஓட்டும்போது தொல்லை கொடுக்கலாம். காதலி நுண்ணிய கலைப்பொருள் செய்பவள் என்று தொடக்கத்திலேயே காட்டிவிடுவதால், பின்னால் அவள் ஈக்குக் கவசம் செய்து தருவது இயல்பாகப் பொருந்துகிறது. கற்பனை உலகத்துக்கும் சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தை எழுதும் வேலை எழுத்து மேசையில் முடிய வேண்டும். அங்கே விட்ட ஓட்டையைக் கிராஃபிக்ஸ் நிறுவனம் அடைக்க முடியாது.

அண்டை மொழிகள் இதைப் புரிந்துகொண்டிருக்கின்றன. 2023 ஜூனில் ‘ஆதிபுருஷ்’ கிராஃபிக்ஸ் நாடு முழுதும் கேலிக்குள்ளானது. ஏழு மாதத்தில், அதைவிடப் பல மடங்கு குறைந்த செலவில் எடுத்த தெலுங்குப் படமான ‘ஹனுமான்’ பெருவெற்றி பெற்றது. இந்தியில் 2018இல் வந்த ‘தும்பாட்’ 2024இல் மறுபடி வெளியாகி, முதல் வெளியீட்டைவிட அதிகமாக வசூலித்தது. 2025 ஆகஸ்டில் வந்த மலையாளப் படமான ‘லோகா’ சுமார் 30 கோடி ரூபாயில் எடுக்கப்பட்டு, உலக அளவில் 300 கோடியைத் தொட்டதாகச் சொல்லப்பட்டது. அதன் வேர் கள்ளியங்காட்டு நீலியின் கதை. கன்னியாகுமரி மாவட்டத்தில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் நீலிதான் அவள். தமிழ் மண்ணிலும் உலவிய ஒரு தொன்மம் கொச்சி வழியாகத் தமிழ்நாட்டுத் திரைக்கு வர வேண்டியிருந்தது.

‘கங்குவா’வுக்கு 300 கோடி ரூபாய்க்கு மேல் செலவானதாகச் செய்திகள் வந்தன. படம் விழுந்த அதே மாதத்தில், திரையரங்க வளாகத்தில் யூடியூப் விமர்சகர்களை அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் கோரியது. விமர்சனத்தின்மீது காட்டிய இந்த அக்கறையைத் திரைக்கதையின்மீது காட்டியிருந்தால் பயன் இருந்திருக்கும். தமிழ்த் தயாரிப்பாளர்கள் செய்ய வேண்டியது கணக்கை மாற்றுவது. அந்த ஒரு படத்தின் பணத்தில் ‘லோகா’ அளவில் பத்துப் படம் எடுக்கலாம். நட்சத்திரத்தின் கால்ஷீட்டுக்கு முன்னால் திரைக்கதையை முடிக்கலாம். கிராஃபிக்ஸ் கலைஞர்களைப் படப்பிடிப்புக்கு முன்பே அழைத்து உட்காரவைக்கலாம். பத்தில் ஆறு தோற்கக்கூடும். அந்த ஆறையும் அந்தந்த இயக்குநரின் தோல்வியாகப் பார்க்கும் துணிவை, மீதி நான்கும் தொழிலுக்குக் கொடுத்துவிடும்.