கொள்முதல் கணக்கு அங்கத்தினர் கண்ணில் படட்டும்

சங்கத்தின் இலாபம் விற்பனையில்தான் பிறக்கிறது என்று நம்மில் பலர் கருதுகிறோம். உண்மையில், சரக்கு வாங்கும்போதே அதன் தலைவிதி பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. நெசவாளர் சங்கத்திற்கு நூலும் சாயமும் சரிகையும் எவ்வாறோ, அவ்வாறே விவசாயிகள் சங்கத்திற்கு உரமும் விதையும்.

இக்கொள்முதலை ஆராய இன்று ஒரு நல்ல கருவி உண்டு. அதனை டாஷ்போர்டு என்பர்; தகவல் பலகை என்று நாம் சொல்லலாம். கம்ப்யூட்டரில் பதிந்த பில்கள் அனைத்தும் அதில் படங்களாகத் தோன்றும். ஒரு வியாபாரியின் பெயரைத் தொட்டால் அவரிடம் வாங்கியவை மட்டும் நிற்கும். ஒரு மாதத்தைத் தொட்டால் அம்மாதச் செலவு விரியும். 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022இல் ஒப்புதல் அளித்தது. ஆகவே இஃது நமக்கு எட்டாத பொருளன்று.

நெசவாளர் சங்கமொன்றில் யான் கண்டதைக் கூறுகிறேன். அங்கே 40ஆம் நம்பர் நூல், "40", "40 சிட்டா", "நாற்பது நூல்" என மூன்று பெயர்களில் பதிவாகியிருந்தது. பலகையோ அவற்றை மூன்று சரக்குகளாகவே காட்டியது. பெயர்களை ஒன்றாக்கிய பின்னரே, ஒரே மாதத்தில் ஒரே நூல் இரு விலைகளில் வாங்கப்பட்டது புலனாயிற்று. கிலோவுக்கு 6 ரூபாய் வித்தியாசம் என்றால், மாதம் 500 கிலோ வாங்கும் சங்கத்திற்கு ஆண்டில் 36,000 ரூபாய் அன்றோ?

உடனே காரியதரிசியின்மீது சிலர் ஐயங்கொண்டனர். யானும் கொண்டேன் என்பதை மறைப்பதற்கில்லை. விசாரித்தபோது உண்மை வேறாக இருந்தது. விற்ற சேலைகளுக்கு வரவேண்டிய பணம் நின்றுபோயிருந்தது. கையில் ரொக்கமில்லை. தறிகள் நிற்கலாகாதென்று, கடனுக்குக் கொடுத்த வியாபாரியிடம் அவர் கூடுதல் விலைக்கு வாங்கியிருந்தார். அந்த 6 ரூபாய் களவன்று; வட்டி. ஆனால் அதனை அவர் நிர்வாகக் குழுவிடம் சொல்லவில்லை; குழுவும் கேட்கவில்லை.

பலகை கேள்வியை எழுப்பும், தீர்ப்புக் கூறாது. இதனை மறந்தால் நல்ல ஊழியரை இழப்போம். பலகையையே புறக்கணித்தால் சங்கத்தின் பணத்தை இழப்போம்.

எனவே மூன்று காரியங்கள் வேண்டும். முதலாவது, ஒரு சரக்குக்கு ஒரே பெயர். இரண்டாவது, விலையோடு தரம், ரொக்கமா கடனா, சரக்கு வந்த தேதி ஆகியவற்றையும் பதிதல். மூன்றாவதே முதன்மையானது: அப்பலகையை அதிகாரிகளின் அறையோடு நிறுத்தாமல், மகாசபைக் கூட்டத்தில் சுவரில் விழும்படி காட்டுதல். நூலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லும் நெசவாளிக்கு, இவ்விலை தகுமா என்று சொல்ல எந்த இன்ஸ்பெக்டரும் தேவையில்லை.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் கடை திறந்த கூட்டுறவு முன்னோடிகள், கணக்கை அங்கத்தினர்முன் அடிக்கடி வைப்பதை ஒரு நெறியாகவே கொண்டனர். கருவி புதிது, நெறி பழையது. அடுத்த மகாசபையில், "நம் கொள்முதலைக் காட்டுங்கள்" என்று அங்கத்தினர் ஒருவரேனும் எழுந்து கேட்பாராக.