பதினாறு மணி நேரத்தின் சாட்சியம்

சிமெண்ட் ஆலைகளில் குப்பையை எரிபொருளாக்குவது நற்செயலாகவே இன்று பேசப்படுகிறது. அதில் உண்மை இல்லாமலில்லை. சுண்ணாம்புக்கல் கிளிங்கராக மாறும் சூளையில் வெப்பம் 1,450 பாகை செல்சியஸை எட்டும். குப்பைமேடு திறந்தவெளியில் புகைவதைவிட அது மேல், நிலக்கரியும் மிச்சம். ஆனால் புகைபோக்கியின் வழியே வெளியேறுவதை யார், எப்போது அளக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு நெறியாணை கடுமையானதாகப் பெயர் பெற்றது. தூசியையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் இடைவிடாது அளக்கச் சொல்லும் அதே ஆணை, டையாக்சினுக்கும் கன உலோகங்களுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 2 அளவீடுகள் போதும் என்கிறது. டையாக்சின் மாதிரி ஒன்றை எடுக்க 6 முதல் 8 மணி நேரம். ஆக, ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் சாட்சி சொல்வது 16 மணி நேரம். குப்பையோ லாரிக்கு லாரி வேறுபடுவது. எத்தனை வெப்பமானாலும் பாதரசம் அழிவதில்லை, ஆவியாகிறது. சிதைந்த டையாக்சினும் புகை குளிரும்போது மீண்டும் உருவாகக்கூடும்.

ஸ்லொவேனியாவின் த்ர்போவ்ல்யே, மலைகளுக்கிடையே ஒடுங்கிய பள்ளத்தாக்கில் அமைந்த ஊர். அங்கே லஃபார்ஜ் நிறுவனத்தின் சிமெண்ட் ஆலை பெட்ரோலியக் கரியோடு தொழிற்கழிவுகளையும் எரித்தது. உரோஷ் மாட்செர்ல் என்னும் இயற்கை விவசாயி, 'எகோ க்ரோக்' அமைப்பினரோடு சேர்ந்து சட்டப் போராட்டம் நடத்தினார். 2015இல் சூளை நின்றது. 2017இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. ஆலையின் உரிமத்தை எதிர்த்து வழக்காடும் தகுதி குடிமக்களில் அவர் ஒருவருக்கே இருந்தது என்பதுதான் நம்மைத் துணுக்குற வைக்கிறது. அதே காற்றைச் சுவாசித்த மற்றவர்களுக்குச் சட்டத்தின் முன் குரலில்லை.

இது தொலைதூரத்துக் கதையன்று. குப்பையிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் நிலையத்துக்கு 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் தொழிற்சாலைகள், தம் எரிபொருளில் குறைந்தது 5 விழுக்காட்டை அதிலிருந்து பெறவேண்டும் என்று இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் கூறின. அரியலூர் போன்ற சுண்ணாம்புக்கல் வட்டாரங்களில் வாழ்வோருக்கு இது நேரடியான கேள்வி.

ஆலையை மூடு என்று நாம் சொல்லவில்லை. பெல்ஜியத்தில் குப்பை எரியுலைகளுக்கு உள்ளதைப்போல, வாரக்கணக்கில் தொடர்ந்து டையாக்சின் மாதிரி சேகரிக்கும் முறை வேண்டும் என்கிறோம். சுற்றியுள்ள மண்ணையும், கொல்லையில் மேயும் கோழியின் முட்டையையும் ஆலையின் சம்பளம் பெறாத ஆய்வகங்கள் சோதிக்கவேண்டும்; முடிவுகள் ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டப்படவேண்டும். எண்களை நிபுணர்களிடம் விட்டுவிட்டு நாம் இலக்கியம் பேசிக்கொண்டிருக்கலாம் என்றெண்ணுவது வசதியானது. ஆனால் எதை அளப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பது விஞ்ஞானம் மட்டுமன்று, அதிகாரமும்கூட. அதைக் கேள்வி கேட்க வேதியியல் பட்டம் தேவையில்லை.