வளர்கிற பிள்ளைக்கு வெட்சூட்

புனேயில் டிசம்பர் மாதம் காலை ஆறரை மணிக்குத் திறந்தவெளி நீச்சல் குளத்தில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் எப்படி வெட்டும் என்று. மூன்று வருடம் முன்பு என் பேரன் அப்படி ஒரு காலையில் உதடு நீலம் பூத்துக் கரையேறி, "தாத்தா, நாளையிலிருந்து நான் வரலை" என்றான். நல்ல நீச்சல்காரன். விடக்கூடாது என்று, வெட்சூட் எனப்படும் ரப்பர் நீச்சல் உடை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதில் நான் செய்த இரண்டு தவறுகளைச் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதல் தவறு, 'வளர்கிற பிள்ளை' என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கியது. தீபாவளிக்குப் பாண்ட் தைத்தாலும் கீழே நாலு விரல் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லும் பரம்பரையாயிற்றே நாம்! இந்த உடையில் அந்தக் கணக்கு செல்லாது. நியோபிரீன் என்ற செயற்கை ரப்பருக்குள் லட்சக்கணக்கான வாயுக் குமிழிகள் அடைபட்டிருக்கின்றன. குளிரைத் தடுப்பவை அவைதான். உடலுக்கும் உடைக்கும் நடுவே மெல்லிய ஏடாகத் தண்ணீர் புகும், உடற்சூட்டில் அது வெதுவெதுப்பாகிவிடும். 1950-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்ற இயற்பியல் அறிஞர் கண்டுகொண்டது இதைத்தான்: உள்ளே நனைந்தாலும் பாதகமில்லை, நனைத்த தண்ணீர் ஓடிப் போகக்கூடாது. தொளதொள உடையில் ஒவ்வொரு கை வீச்சுக்கும் புதுத் தண்ணீர் புகுந்து பழையது வெளியேறும். பேரன் முன்போலவே நடுங்கினான். போதாக்குறைக்குக் கழுத்தெல்லாம் உராய்ந்து சிவந்துவிட்டது. கூட இருந்த பிள்ளைகள் 'கங்காரு' என்று கேலி செய்ய, இரண்டு வாரம் குளத்துப் பக்கமே போகவில்லை.

உடை வறண்டிருக்கும்போது சற்று இறுக்கமாகவே இருக்க வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் இளகும். அக்குளிலும் இடுப்புக்குப் பின்னாலும் துணி உப்பி நிற்கக்கூடாது. இரண்டு கையையும் தூக்கி முழு மூச்சு இழுக்க முடிந்தால் அளவு சரி. பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் கால் வழுக்கிக்கொண்டு நுழையும். நகத்தால் பிடித்து இழுத்தால் கிழியும்; விரல் சதையால் ஏற்றிவிட வேண்டும். இன்னொன்று: இது மிதக்க உதவும் என்பதால் பாதுகாப்புச் சாதனம் என்று எண்ணிவிடாதீர்கள். லைஃப் ஜாக்கெட் வேறு, இது வேறு.

இரண்டாவது தவறைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காரேஜ் டெப்போவில் வேலை பார்த்த காலத்தில் பிரேக் ஹோஸ் பைப்புகளை வெயிலில் போட்டதற்காக எத்தனையோ பேரைக் கடிந்திருக்கிறேன். அதே நான், வீட்டில் ஈர வெட்சூட்டை மெல்லிய கம்பி ஹாங்கரில் மாட்டி மொட்டை மாடி வெயிலில் தொங்கவிட்டேன். பிறகு மடித்துப் பீரோவின் அடியில் திணித்தேன். அடுத்த நவம்பரில் எடுத்தால் தோள் விறைத்து, கம்பி அழுந்திய இடத்தில் வெடிப்பு! மருமகள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அளவாக வாங்கிய இரண்டாவது உடையைப் பேரனே பார்த்துக்கொண்டான். குளத்திலிருந்து வந்ததும் குளோரின் போகப் பச்சைத் தண்ணீரில் உள்ளும் புறமும் அலசுவான். வெந்நீர், வாஷிங் மெஷின், முறுக்கிப் பிழிவது மூன்றும் கிடையாது. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பால்கனி நிழலில் தடித்த பி.வி.சி. குழாயின் மேல் இடுப்போடு மடித்துப் போட்டு, காய்ந்ததும் மறுபடி திருப்புவான். பத்து நிமிட வேலை. அம்மாவின் துணி மூட்டையில் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. (தண்ணீருக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும் பிள்ளைகள் உண்டு. அலசுகிற வேலை அவர்களிடமே இருந்தால் அந்தப் பழக்கம் தானாக நின்றுவிடும்!)

அளவாக வாங்கினால் இரண்டு குளிர்காலத்தில் சிறிதாகிவிடுமே, பணம் வீண்தானே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் நன்றாக வைத்திருந்த உடை இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு உழைக்கும். பள்ளிப் புத்தகத்தைக் கைமாற்றிக்கொள்ளும் நாம் இதையும் செய்யலாமே. சங்க நூலகத்தில் ஒரு கம்பும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் போதும். சிறிதானதைக் கொண்டுவந்து மாட்டி, அளவான ஒன்றை எடுத்துச் செல்லலாம்.

எங்கள் வீட்டிலிருந்து ஒன்று தயாராக இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும். இடது முழங்காலில் மட்டும் ஒரு சின்ன ஒட்டு.