எதிர்வுகூறலும் ஏமாற்றமும்

அரசியல்வாதிகளுக்கு அடுத்தபடியாக உலகெங்கும் மக்களின் ஏளனத்துக்கு ஆளாகுபவர்கள் வானிலையை எதிர்வுகூறுபவர்கள்தான் என்று சொன்னால் அது மிகையாகாது. மழை பெய்யும் என்றார்கள், வெயில் எறித்தது. வெயில் எறிக்கும் என்றார்கள், வெள்ளம் வந்தது என்ற முறைப்பாட்டை எந்த நாட்டிலும் கேட்கலாம். இந்தக் குற்றச்சாட்டில் ஓரளவு நியாயம் இருக்கின்றபோதிலும், தவறின் பெரும்பகுதி எதிர்வுகூறுபவர்களிடம் அல்ல, அதை வாசிக்கின்ற முறையிலேயே இருக்கிறது என்பது எனது அபிப்பிராயம்.

நோர்வேயில் வாழும் நண்பர் ஒருவர் 1980களின் பிற்பகுதியில் அந்நாட்டின் வடகோடியான பின்மார்க் மாகாணத்தில் மீன் பதனிடும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்தவர். அன்று அந்தக் குளிர்ப் பிரதேசத்துக்குத் தொழில் தேடிச்சென்ற இலங்கைத் தமிழர்கள் பலரில் அவரும் ஒருவர். இரவு வேலை முடிந்து திரும்பும்போது தலைக்கு மேலே பச்சைத் திரைபோல அசைந்த துருவ ஒளியை எந்த எதிர்வுகூறலும் இல்லாமலேயே பல தடவைகள் கண்டவர். இப்போது ஒஸ்லோவில் வசிக்கும் அவர், தனது பேரப்பிள்ளைகளுக்கும் அதைக் காட்ட ஆசைப்பட்டு, செப்டெம்பர் கடைசியில் ஒரு வார இறுதிக்கு வடக்கே துரொம்சோ நகருக்கு அவர்களை அழைத்துச் சென்றார். புதன்கிழமை தெளிந்த வானம் என்று சொன்ன எதிர்வுகூறல் வியாழனன்று மேகமூட்டமாகவும் வெள்ளியன்று மழையாகவும் மாறியது. "துருவ ஒளி பிரகாசமாகத் தெரியும் என்று பத்திரிகையில் தலைப்புப் போட்டிருந்தார்கள். இரண்டு இரவும் குடையோடு நின்றதுதான் மிச்சம். இனிமேல் இவர்களை நம்பவே மாட்டேன்" என்று தொலைபேசியில் பொரிந்து தள்ளினார்.

அவரது கோபம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால், துருவ ஒளியைக் காண்பதற்கு இரண்டு வானிலைகள் ஒரேநேரத்தில் கைகொடுக்கவேண்டும். முதலாவது விண்வெளியின் வானிலை. சூரியனில் இருந்து வெடித்துக் கிளம்பும் மின்னேற்றத் துகள்களின் முகில் பூமியை வந்தடைவதற்கு பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று நாட்கள் செல்லும். அது புறப்பட்டதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால், அதனுடன் வரும் காந்தப்புலம் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தே பூமியில் அதன் விளைவு அமையும். அது தெற்கு நோக்கியிருந்தால் வானம் ஒளிரும். வடக்கு நோக்கியிருந்தால் பெரிதாக எதுவும் நடக்காமலே போகலாம். பூமியிலிருந்து சுமார் 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் சூரியனின் பக்கமாக நிற்கும் விண்கலங்களைக் கடந்துசெல்லும்போதே அந்தத் திசை நிச்சயமாகத் தெரியவருகிறது. அதற்குப் பிறகு எஞ்சியிருப்பது 15 நிமிடங்களில் இருந்து ஒரு மணி நேரம் வரையான அவகாசம் மாத்திரமே.

இரண்டாவது, நாம் எல்லோரும் அறிந்த முகிலும் மழையும். துருவ ஒளி தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றருக்கும் மேலே தோன்றுவது. முகில்களோ 10, 12 கிலோமீற்றருக்குள் அடங்கிவிடுபவை. முகில் மூடிவிட்டால் மேலே எத்தகைய கோலாகலம் நடந்தாலும் கீழே நிற்பவருக்கு இருட்டுத்தான். இரவும் பகலும் சமமாகும் செப்டெம்பர், மார்ச் மாதங்களை அண்டிய காலத்தில் காந்தப் புயல்கள் அதிகம் என்பது உண்மையே. ஆனால், அதே இலையுதிர் காலம்தான் வட நோர்வேயின் கரையோரத்தில் அத்திலாந்திக்கின் ஈரக்காற்று மழையைக் கொட்டும் காலமுமாகும். துரொம்சோ 69 பாகைக்கும் மேலே, துருவ ஒளி வளையத்தின் கீழேயே அமைந்திருப்பதால் அங்கு பெரிய சூரியப் புயல் தேவையில்லை. தெளிந்த வானம் கிடைப்பதே பாக்கியம். அதனால்தான் அனுபவசாலிகள் நகரில் காத்துநிற்காமல், மலைகளுக்கு அப்பால் மழை குறைந்த ஸ்கிபொத்ன் பக்கமாகவோ பின்லாந்து எல்லையை நோக்கியோ வாகனத்தில் புறப்பட்டுவிடுகிறார்கள்.

எதிர்வுகூறல் பிழைத்துப்போவது புதுமையல்ல. 1987 ஒக்டோபர் 15 நண்பகலில் பி.பி.சி. தொலைக்காட்சியில் மைக்கல் ஃபிஷ், சூறாவளி எதுவும் வரவில்லை என்ற தொனியில் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு தென் இங்கிலாந்தைத் தாக்கிய புயலில் 18 பேர் உயிரிழந்தார்கள்; சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. விஞ்ஞானிகள் அதிலிருந்து பாடம் கற்றார்கள். 1992ஆம் ஆண்டு தொடக்கம் ஐரோப்பிய நடுத்தர வீச்சு வானிலை எதிர்வுகூறல் நிலையம், ஆரம்ப நிலைகளைச் சிறிதுசிறிதாக மாற்றிக் கணிப்பைப் பல தடவைகள் ஓட்டிப்பார்க்கும் முறையைப் பின்பற்றுகிறது. அவ்வாறான 50 கணிப்புகளில் 30இல் மழை வந்தால், மழைக்கான சாத்தியம் 60 வீதம் என்று அர்த்தம். எஞ்சிய 40 வீதமும் அந்த எதிர்வுகூறலின் ஒரு பகுதியே. மழை பெய்யாமல் விட்டால் கணிப்புப் பொய்த்துவிட்டது என்று கூறிவிட முடியாது.

இங்குதான் எமது தொழிலின் பங்கையும் சொல்லவேண்டியிருக்கிறது. விஞ்ஞானி 'வாய்ப்பிருக்கிறது' என்று எழுதிக்கொடுப்பது செய்தி மேசையைக் கடக்கும்போது 'இன்றிரவு வானம் ஒளிரும்' என்றாகிவிடுகிறது. 'கூடும்' என்ற சொல் தலைப்பின் கவர்ச்சியைக் குறைக்கிறதாம்! 2024 மே 10ஆம் திகதி, 2003க்குப் பிறகு முதன்முறையாக ஐந்தாம் தரக் காந்தப் புயல் வீசி, இந்தியாவின் லடாக் வரை செவ்வொளி பதிவானதைத் தொடர்ந்து இந்தப் போக்கு மேலும் வலுத்துவிட்டது. சாதாரணச் சூரிய வெடிப்பு ஒவ்வொன்றும் இப்போது தலைப்புச் செய்தியாகிறது. ஏமாறும் வாசகர்கள் பத்திரிகையை அல்ல, விஞ்ஞானியைத்தான் குறைசொல்கிறார்கள்.

ஒரு வார இறுதி வீணாவது பெரிய இழப்பல்ல. நம்பிக்கை வீணாவதே இழப்பு. சிறிய விடயங்களில் 'இவர்கள் எப்போதும் இப்படித்தான்' என்று பழகிப்போன மனம், பெரிய எச்சரிக்கை வரும்போதும் அதையே சொல்லும். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி இலங்கையில் 600க்கும் அதிகமானோரைப் பலிகொண்ட பிறகு, எச்சரிக்கைகள் உரியமுறையில் மக்களைச் சென்றடைந்தனவா, அவை பொருட்படுத்தப்பட்டனவா என்று பெரும் விவாதம் மூண்டதை எவரும் மறந்திருக்கமுடியாது.

நண்பருக்கு நான் கூறியது இதுதான். அடுத்த தடவை இரண்டு இரவுகளுக்குப் பதிலாக நான்கு இரவுகளை ஒதுக்குங்கள். ஐந்து நாட்களுக்கு முந்திய எதிர்வுகூறலைப் பார்த்து ஆசையை வளர்க்காமல், அன்று மாலை வரும் முகில் படத்தைப் பார்த்து வாகனத்தை எந்தத் திசையில் செலுத்துவது என்று தீர்மானியுங்கள். எதிர்வுகூறல் என்பது சாத்தியங்களின் கணக்கே தவிர வாக்குறுதி அல்ல. வாக்குறுதி அளிப்பதற்கு உலகில் அரசியல்வாதிகள் போதிய அளவுக்கு இருக்கிறார்கள்.