எங்களைச் சாக்கு வைத்துக் காட்டுக்குள் ரோடு போடாதீர்கள்

மலைக்கோயில், அருவி, காட்டுப்பாதை என்று எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: "மேலே வரைக்கும் ரோடு போட்டுவிட்டால் வயசானவங்களும் போவாங்களே, பாவம்!" அந்த வயசானவர்களில் நானும் ஒருவன். என்னை யாரும் கேட்கவில்லை. ஆகவே நானாகவே சொல்கிறேன்: எங்களுக்கு வேண்டாம்.

பழனியில் விஞ்ச் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. நானும் அதில் போகிறவன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பழனி ஊரை ஒட்டிய குன்று. யானையும் கரடியும் நடமாடும் காடு வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதில்தான் தப்பு தொடங்குகிறது.

இதே சண்டை அமெரிக்காவில் 1930களிலேயே நடந்திருக்கிறது. அங்கே அப்பலாச்சியன் டிரெயில் என்று ஒரு நடைபாதை. ஜார்ஜியாவில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையில் முடிகிறது. சுமார் 3,500 கிலோமீட்டர். 1921ல் அந்த யோசனையை முன்வைத்தவர் பென்டன் மெக்கே. பாதை உருவாகிக்கொண்டிருந்தபோதே வர்ஜீனியாவில் மலைமுகட்டின் மேல் ஸ்கைலைன் டிரைவ் என்ற கார் ரோடு வந்தது. பாதை வேலையை முன்னின்று நடத்திய மைரன் ஏவரி, நடைபாதையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்றார். மெக்கே ஒப்புக்கொள்ளவில்லை. கார் இல்லாத இடம் வேண்டும் என்றுதானே பாதையே கேட்டோம் என்பது அவர் கட்சி. இருவரும் பிரிந்தார்கள். நான் மெக்கே பக்கம்.

ஏன் என்றால், அந்தப் பாதையில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். விடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டி முதுகுப் பையில் கட்ட வேண்டும். மரங்களில் பூசிய வெள்ளைப் பட்டைகள்தான் வழிகாட்டி. நாலைந்து நாள் சாப்பாடு முதுகில். தண்ணீர் ஓடையில் பிடித்து வடிகட்டிக் குடிக்க வேண்டும். ராத்திரி மூன்று பக்கம் மட்டும் சுவர் உள்ள மரக்கொட்டகை. கரடி வரும் என்று சாப்பாட்டுப் பையை மரத்தில் உயரக் கட்டித் தொங்கவிட வேண்டும். தன் குப்பையைத் தானே சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும். கடை கிடையாது, ஹாரன் கிடையாது. இதற்காகத்தான் ஜனங்கள் அங்கே போகிறார்கள். ரோடு வந்தால் அதே மலை இருக்கும், இந்த நாள் இருக்காது.

"அதெல்லாம் வாலிபர்களுக்குச் சரி" என்பார்கள். எம்மா கேட்வுட் என்ற அம்மாள் 1955ல் இந்தப் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். வயது 67. பதினோரு பிள்ளை பெற்றவர். கூடாரம் இல்லை. காலில் கான்வாஸ் ஷூ, தோளில் வீட்டில் தைத்த ஒரு பை, மழைக்குக் குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை. 146 நாளில் முடித்தார். இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் நடந்தார். பாதை சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்று பத்திரிகைக்காரர்களிடம் வெளிப்படையாகக் குறை சொன்னார். பாட்டி கேட்டது ஒழுங்கான பாதை. ரோடு அல்ல.

ரோடு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டி தாங்காமல், ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அந்த வண்டிகளில் போன பெரியவர்கள் எத்தனை பேர் மலையைப் பார்த்தார்கள்? முன்னால் போன காரின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள்.

எல்லோராலும் நடக்க முடியாதே என்றால், முடியாதுதான். எனக்கும் முட்டி வலி உண்டு. நான் போக முடியாத ஓர் இடம் உலகத்தில் இருந்துவிட்டுப் போகட்டுமே! நான் ஏற முடியாததால் யானையின் வழியில் தார் ஊற்ற வேண்டுமா? என் பேரன் பேத்திகள் நடந்து போய்ப் பார்க்க ஒரு காடு மிச்சம் இருந்தால் போதும்.

உண்மையிலேயே எங்கள் மேல் அக்கறை இருந்தால், இருக்கிற பாதையில் உடைந்த படியைச் சரி செய்யுங்கள். வழி தப்பாமல் அடையாளம் வையுங்கள். அடிவாரத்தில் நல்ல கழிப்பறையும், நிழலில் ஒரு பெஞ்சும் போடுங்கள். முடிந்தவர்கள் ஏறுவோம். முடியாதவர்கள் அந்த பெஞ்சில் உட்கார்ந்து மலையைப் பார்ப்போம். அதுவும் தரிசனம்தான்.