சிலாவத்துறையில் கண்ட வால்வெள்ளி

வால்வெள்ளி என்றதும் வானத்தில் பாய்ந்தோடும் தீப்பந்தமொன்றை எண்ணிக்கொள்வோர் பலர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். பாய்ந்து மறைவது எரிவெள்ளி. வால்வெள்ளியோ நிலாவைப் போல நிதானமாக மேற்கே சாய்வது.

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் நாள், ஞாயிறு மாலை, சிலாவத்துறைக் கடற்கரையில் நின்றோம். மேற்கே மறைப்பேதுமற்ற மன்னார் வளைகுடா. நாம் தேடியது சூச்சின்ஷான்-அட்லஸ் வால்வெள்ளியை. 2023இன் தொடக்கத்தில் சீனத்து வானாய்வகமொன்றும் தென்னாபிரிக்காவிலுள்ள அட்லஸ் தொலைநோக்கியும் கண்டறிந்த இது, செப்டெம்பர் 27இல் சூரியனை அண்மித்தது. ஒக்டோபர் 12இல் பூமிக்குச் சுமார் 7 கோடி கிலோமீற்றர் தொலைவில் வந்து, பின் விலகிச் சென்றது. நாளுக்கு நாள் ஒளி குன்றும் விருந்தாளி! 17ஆம் நாள் முழுநிலா, முகில் வேறு. அன்றோ நிலா எழ எட்டு மணிக்கு மேலாகும். வானம் நன்கு இருள ஏழாகும். இடையில் கிடைப்பது ஒரு மணி நேரமே.

வலை சீர்செய்துகொண்டிருந்த முதியவரும் அவர் பேரனும் எம்முடன் வந்து நின்றனர்.

"அதுதானா, சேர்?" எனப் பையன் சுட்டியது வெள்ளிக் கோளை. பெயர் செய்த மயக்கம்!

"அதற்கு வலப்புறம், இன்னும் உயரத்தில் பார். நேரே உற்று நோக்காதே; சற்றுப் பக்கமாகப் பார்" என்றோம். மங்கலான ஒளியை விழித்திரையின் நடுப்பகுதியைவிட அதன் புறப்பகுதியே நன்குணரும்.

முதலிற் கண்டவன் அவனே. வெண்கட்டிக் கோட்டை விரலால் தேய்த்துவிட்டாற் போன்றதொரு கீற்று. அதன் தூசியைச் சூரிய ஒளி அப்பால் தள்ளுவதால், சூரியன் மறைந்த திசைக்கு எதிராக வால் மேல்நோக்கி நீண்டிருந்தது.

வால்வெள்ளி தோன்றினால் நாட்டுக்குக் கேடு என்பார்களே, அச்சமில்லையா என்று முதியவரை வினவினோம்.

"1997இல் இதைவிடப் பெரியதைப் புத்தளத்து அகதி முகாமிலிருந்து கண்டேன்" என்றார். அது ஹேல்-பொப் வால்வெள்ளி. வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது 1990 ஒக்டோபரில்.

"கேடு அதற்கு ஏழு வருடம் முந்தியே வந்துவிட்டதே, தம்பி. அப்போது வானத்தில் ஒன்றையும் நாங்கள் காணவில்லை."

பிறகு அவர் பேசவில்லை. கிழக்கே நிலா எழுந்தது. கீற்று மங்கியது. பையன் மட்டும் தலையைச் சாய்த்து, இன்னும் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.